மேலைக் குழலிசையில் நாவதிர்வு உத்தி: தோற்றம், பரவல், பயிற்று வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

குழலை ஊதும்போது நாவின் நுனியையோ உள்நாக்கையோ தொடர்ந்து அதிரச் செய்து, ஒரே சுரத்தைப் படபடக்கும் ஒலியாக மாற்றும் முறை மேலை இசையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுத்துப் பதிவு பெற்றது. இசை வரலாற்று நூல்கள் இதனை இசையமைப்பாளர்களின் கண்டுபிடிப்பாகவே பெரும்பாலும் எழுதுகின்றன. அவ்வரலாற்றை வாசிப்போர் பக்கத்திலிருந்து பார்க்கும்போது இரண்டு செய்திகள் புலப்படுகின்றன. ஒன்று, இவ்வுத்தி இசைப்படியில் இடம்பெறும் முன்பே இசைஞரின் உடலில் இருந்தது. மற்றொன்று, இதனைக் கற்பது பிறவித்திறன் சார்ந்தது என்ற நம்பிக்கை பேச்சொலிப் பழக்கத்தைப் பிறப்போடு குழப்பியதன் விளைவு. இவ்விரண்டையும் நூல்கள், இசைப்படைப்புகள், ஒலியியல் செய்திகள் ஆகியவற்றின் துணைகொண்டு இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: குழலிசை, நாவதிர்வு, ஆடொலி, நாவசை, இசைப்படி, பயிற்றுமுறை

முன்னுரை

இசைக்கருவி வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவும், இசையமைப்பாளர்களின் வரலாறாகவும் எழுதப்பட்டுள்ளது. கருவி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இசைப்படி நூலகத்தில் இருக்கிறது. வாசித்தவரின் உதடு, நா, மூச்சு ஆகியவை செய்த வேலைக்கு அத்தகைய சான்றுப் பொருள் எதுவும் எஞ்சுவதில்லை. ஆகவே, உடலால் மட்டுமே கற்கவும் கற்பிக்கவும் கூடிய ஓர் உத்தியின் வரலாற்றை எழுத முற்படும் ஆய்வாளர் எழுத்துச் சான்றுகளை அவற்றின் பின்னணியோடு சேர்த்துப் படிக்க வேண்டியவராகிறார்.

மேலைக் குழலிசையில் நாவதிர்வு அத்தகைய ஓர் உத்தி. செருமானியர் இதனை 'ஃபிளாட்டர்சுங்கே' என்பர். பறவை சிறகடிப்பது போல் நா படபடத்தல் என்பது அதன் பொருள். இத்தாலியர் 'ஃப்ருல்லாத்தோ' என்பர்; கடைதல், சுழற்றி அடித்தல் என்னும் பொருளுடைய வினையிலிருந்து பிறந்த சொல் அது. ஒரு மொழி செவிக்குக் கேட்கும் படபடப்பைப் பெயராக்க, மற்றொன்று கடைதல் என்னும் கைவினையை உவமையாக்கியது. இரண்டுமே வாசிப்பவர் வாய்க்குள் நிகழ்வதைத் துல்லியமாகச் சொல்லவில்லை என்பது கருதத்தக்கது. அத்துல்லியமின்மை பின்னாளில் பயிற்றுமுறையிலும் தொடர்ந்தது.

இக்கட்டுரை 16ஆம் நூற்றாண்டின் நாவசைக் குறிப்புகளில் தொடங்கி, 1892 முதல் 1913 வரையிலான இசைப்படைப்புகளைக் கடந்து, 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த பயிற்று நூல்கள் வரை செல்கிறது.

நாவதிர்வின் ஒலிப்பியல்

குழல் வாசிப்பில் சுரங்களைப் பிரித்துக் காட்டுவது நாவின் பணி. 'து', 'கு' போன்ற அசைகளை ஓசையின்றி ஒலிப்பது போல் நாவை அசைத்துக் காற்றைத் தடுத்து விடுவிப்பதே இயல்பான நாவசை. இங்கு ஒவ்வோர் அசைவும் தசையின் தனித்த ஏவலால் நிகழ்கிறது. ஒற்றை நாவசையாயினும், நாவின் முன்பகுதியையும் பின்பகுதியையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் இரட்டை நாவசையாயினும் இதுவே நிலை.

நாவதிர்வு இதனின் வேறானது. நாவின் நுனி மேல்வரிசைப் பற்களுக்குப் பின்னுள்ள மேட்டருகே தளர்வாக நிறுத்தப்படுகிறது. மூச்சுக்காற்று அதனைத் தள்ளித் திறக்கிறது. காற்று விரைந்து செல்லும்போது அங்கு அழுத்தம் குறைவதாலும் நாவின் மீள்தன்மையாலும் நா மீண்டும் மேலே வந்து மூடுகிறது. இச்சுழற்சி நொடிக்கு ஏறத்தாழ 20 முதல் 30 முறை நிகழ்கிறது. நாவை இத்தனை முறை தசையால் யாரும் அசைப்பதில்லை. காற்றில் கொடி படபடப்பதற்குக் கொடிமரம் முயல்வதில்லை. அதனை ஒத்ததே இது.

தமிழ் மொழியியலார் இவ்வகை ஒலியை ஆடொலி என்பர். ஒருமுறை மட்டும் தட்டிச் செல்வது வருடொலி; பலமுறை அதிர்வது ஆடொலி. தொல்காப்பியப் பிறப்பியல், ரகரத்துக்கு நுனிநா மேல்நோக்கி அண்ணத்தை வருடும் என்றும், றகரத்துக்கு நுனிநா அண்ணத்தை ஒற்றும் என்றும் வேறுபடுத்திக் கூறுவதைத் தமிழாய்வாளர் அறிவர். நாவின் இடத்தை மட்டுமன்றி அது தொடும் முறையையும் தனித்துக் காணும் அந்நோக்கு, நாவதிர்வை விளக்குவதற்கும் பொருந்தும் கருவியாகும்.

ஆடொலியை நாநுனியால் மட்டுமன்றி, தொண்டையின் வாயிலில் தொங்கும் உள்நாக்காலும் எழுப்பலாம். வாய் கொப்பளிக்கும்போது எழும் ஓசையை ஒத்தது இது. குழல் வாசிப்பில் உதடுகள் காற்றுத் தாரையை உருவாக்கும் வேலையில் ஈடுபட்டிருப்பதால் உதட்டு ஆடொலிக்கு இடமில்லை. எனவே நாநுனி, உள்நாக்கு என்னும் இரண்டு வழிகளே எஞ்சுகின்றன.

இவ்விரண்டின் பயன்பாடும் ஒரே தன்மையதன்று. நாநுனி அதிரப் போதிய காற்றழுத்தம் வேண்டும். குழலின் கீழ்த்தாயிச் சுரங்களோ மெதுவான, மென்மையான காற்றையே ஏற்கும். ஆகவே, கீழ்ச் சுரங்களில் மென்மையாக வாசிக்கும்போது நாநுனி நின்றுவிடுவதும், அதனைத் தொடர வலிந்து ஊதினால் சுரம் மேல்தாயிக்குத் தாவிவிடுவதும் இயல்பு. உள்நாக்கு வழியில் வாயின் முன்பகுதி தடையின்றி இருப்பதால் அவ்விடத்தில் அது கைகொடுக்கிறது. நாவதிர்வைக் கற்போர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடுகளில் பெரும்பாலானவை இவ்வழுத்தப் பங்கீட்டின் விளைவுகளே.

முற்கால நாவசை நூல்களும் ஒரு பெயர் மயக்கமும்

மேலைநாடுகளில் ஊதுகருவிப் பயிற்சிக்கென அச்சான முற்கால நூல்களில் நாவசை முதன்மையான இடம் பெறுகிறது. 1535இல் வெனிசு நகரில் வெளிவந்த சில்வெஸ்ட்ரோ கனாசியின் 'ஃபொன்தெகாரா' என்னும் நூல், கடினம் முதல் மென்மை வரை நாவசைகளை 'தே-கே', 'தே-ரே', 'லே-ரே' என்னும் அசை இணைகளாக வகுத்துக் காட்டியது. 1707இல் பாரிசில் வெளிவந்த ஜாக் ஓட்டெடெரின் குழல் நூல் 'து', 'ரு' என்னும் இரண்டு அசைகளைக் கொண்டே அலங்கார நடைகளை விளக்கியது. 1752இல் பெர்லினில் வெளிவந்த யோகான் யோவாகிம் குவான்ட்சின் பெருநூல் 'தி', 'திரி', 'திதுல்' என மூவகை நாவசைகளைப் பேசுகிறது.

இந்நூல்களில் ரகரம் மீண்டும் மீண்டும் வருவது குறிப்பிடத்தக்கது. ஆனால் அது ஆடொலியன்று. ஒருமுறை தட்டிச் செல்லும் வருடொலி. தகரத்தின் வன்மையை அடுத்து மென்மையான தொடுகை ஒன்று தேவைப்பட்டபோது அவர்கள் ரகரத்தை நாடினர். இரு சுரங்களுக்கு இடையே வேறுபாடு காட்டுவதே அவர்தம் நோக்கமாக இருந்தது. ஒரே சுரத்தை நெடுகச் சிதறடிப்பது அவர்தம் அழகியலில் இடம்பெறவில்லை.

இங்குத் தோன்றும் ஒரு பெயர் மயக்கத்தை நீக்குதல் வேண்டும். 16ஆம் நூற்றாண்டின் செருமானிய ஆசிரியர் மார்ட்டின் அக்ரிகோலா தம் கருவியிசை நூலில் 'ஃபிளிட்டர்சுங்கே' என்னும் நாவசை ஒன்றைக் குறிப்பிடுகிறார். பெயரொலியைக் கொண்டு இதுவே இன்றைய நாவதிர்வின் முன்னோடி எனக் கருத இடமுண்டு. ஆனால் அவர் தரும் அசைகள் தகரத்தைத் தொடர்ந்து லகரம் பலமுறை வருபவை. லகரம் நாவின் இருமருங்கிலும் காற்றுச் செல்லும் மருங்கொலி. அங்கு நா காற்றால் தானாக அதிர்வதில்லை. ஆகவே அது விரைவான சுரங்களுக்குரிய இரட்டை நாவசையே ஆகும். குவான்ட்சின் 'திதுல்' அசைக்கு அது உறவுடையதேயன்றி நாவதிர்வுக்கு உறவுடையதன்று. சொல்லின் ஒற்றுமையைக் கொண்டு உத்தியின் தொடர்ச்சியை நிறுவுவது பிழையாகும் என்பதற்கு இது தக்க சான்று.

1892: குழலிசைஞரிடமிருந்து இசைப்படிக்கு

பியோதர் சைக்கோவ்ஸ்கியின் 'நட்கிராக்கர்' பாலே 1892 திசம்பர் 18 அன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் மரின்ஸ்கி அரங்கில் முதன்முதலாக நிகழ்த்தப்பட்டது. இதன் இரண்டாம் அங்கத்தின் தொடக்கப் பகுதியில், இனிப்புகளின் நாட்டைக் காட்டும் காட்சியில், குழல்கள் நாவதிர்வோடு ஒலிக்கின்றன. மேலை இசைக்குழுப் படைப்புகளில் இவ்வுத்தியின் முற்பட்ட பதிவுகளுள் இது ஒன்று.

இவ்வுத்தியைச் சைக்கோவ்ஸ்கி எங்ஙனம் அறிந்தார் என்பதே வரலாற்று நோக்கில் முதன்மையான வினா. கியேவ் நகரில் வாழ்ந்த குழலிசைஞர் அலெக்சாண்டர் கிமிசெங்கோ இதனை அவருக்கு வாசித்துக் காட்டினார் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவர். அஃதாவது, இசையமைப்பாளர் எழுதும் முன்பே இசைஞர் ஒருவர் அதனைத் தம் கருவியில் கண்டறிந்து, தடையின்றி வாசிக்குமளவு பயின்றிருந்தார். இசையமைப்பாளரின் பங்கு, தாம் கேட்ட ஓசைக்கு நாடகக் காட்சியில் ஓர் இடம் தந்ததாகும். அப்பங்கு சிறியதன்று, ஆயினும் அது முதற்பங்கும் அன்று.

இதே படைப்பில் இடம்பெற்ற மற்றொரு புதுமையோடு இதனை ஒப்பிடுதல் பயனுடையது. மணி போன்று ஒலிக்கும் 'செலஸ்டா' என்னும் விசைப்பலகைக் கருவியைச் சைக்கோவ்ஸ்கி பாரிசில் கண்டார். ரிம்ஸ்கி-கோர்சகோவும் கிளாசுனோவும் அதனைத் தமக்கு முன் பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்காக, அச்செய்தியை வெளியிடாதிருக்குமாறு தம் பதிப்பாளரைக் கேட்டுக்கொண்டார். செலஸ்டாவை உருவாக்கிய முஸ்தெல் என்னும் பெயர் இசை வரலாற்றில் நிலைத்தது. கருவி ஒரு பொருள். அதற்குச் செய்தவர் பெயர் உண்டு, விலை உண்டு, கடிதப் போக்குவரத்து உண்டு. நாவதிர்வோ ஒருவரின் வாயிலிருந்து மற்றொருவரின் செவிக்குச் சென்றது. அதனால் 'நட்கிராக்கர்' பற்றிப் பேசும் நூல்களில் செலஸ்டாவின் கதை தவறாது இடம்பெற, கிமிசெங்கோவின் பெயர் சிறப்பு ஆய்வுகளுக்குள் ஒதுங்கிவிட்டது.

1898: ஆடுகளும் வானூர்தலும்

நாவதிர்வின் தோற்றத்தைப் பேசும் பொது நூல்கள் பெரிதும் ரிச்சர்ட் ஸ்ட்ராசின் 'டான் கிஹோத்தே' என்னும் இசைக்கவிதையைச் சுட்டுகின்றன. 1897இல் எழுதி முடிக்கப்பட்டு, 1898 மார்ச்சு 8 அன்று கொலோன் நகரில் முதன்முதலாக நிகழ்த்தப்பட்ட படைப்பு அது. காலவரிசையில் 'நட்கிராக்கர்' முந்தியது என்பது வெளிப்படை. எனினும், ஸ்ட்ராஸ் முதல்வராகக் கருதப்பட்டதற்குக் காரணம் உண்டு. சைக்கோவ்ஸ்கியிடம் நாவதிர்வு காட்சிக்கு மெருகூட்டும் ஓர் ஒலிச்சாயல். ஸ்ட்ராசிடம் அது கேட்பவர் தவறவிட முடியாத பொருளுடைய ஓசை.

இரண்டாம் வேறுபாட்டுப் பகுதியில், ஆட்டு மந்தையைப் பகைப்படையெனக் கருதித் தாக்கும் நாயகனின் மயக்கம் இசையாகிறது. ஒலியடக்கி பொருத்திய பித்தளைக் கருவிகள் நாவதிர்வோடு ஒலிக்க, ஆடுகளின் கத்தல் அப்படியே கேட்கிறது. ஏழாம் வேறுபாட்டுப் பகுதியில், கண்கட்டிய நிலையில் மரக்குதிரை மீது அமர்ந்து வானில் பறப்பதாக நாயகன் நம்புகிறான். அங்குக் குழல்களின் நாவதிர்வு ஓட்டங்களும் காற்றுப்பொறியின் இரைச்சலும் விசும்பின் காற்றை எழுப்புகின்றன. அடியில் தாழ்சுரக் கருவிகள் ஒரே சுரத்தை விடாது பற்றி நிற்கின்றன. குதிரை நிலத்தைவிட்டு எழவே இல்லை என்பதை அச்சுரம் உணர்த்துகிறது. இங்ஙனம், நாவதிர்வு ஒன்றே ஓரிடத்தில் உண்மையை அதாவது ஆட்டின் குரலையும், மற்றோரிடத்தில் மாயையை அதாவது பறக்கும் எண்ணத்தையும் குறிக்க, இரண்டுக்கும் இடையே நாயகனின் அறிவு தடுமாறுகிறது.

ஸ்ட்ராசின் தந்தை பிரான்ஸ் ஸ்ட்ராஸ் மியூனிக் அரசவை இசைக்குழுவின் புகழ்பெற்ற கொம்பிசைஞர். ஊதுகருவிக் கலைஞர்களின் பேச்சும் பயிற்சியும் சூழ வளர்ந்தவர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ். இசைக்குழுவால் இயலாத ஒன்றை அவர் எழுதவில்லை. அக்கலைஞர்களின் வாய்க்குள் ஏற்கெனவே இருந்த ஓர் ஆற்றலின் மீது நம்பிக்கை வைத்தே எழுதினார். ஒரே நேரத்தில் பலர் நாவதிர்வு செய்ய வேண்டும் என்னும் இசைப்படிக் கட்டளை, அத்திறன் இசைக்குழுக்களில் ஓரளவேனும் பரவியிருந்தாலன்றிப் பொருளற்றதாகும்.

குறியீடும் அதன் மௌனமும்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாவதிர்வு விரைந்து பரவியது. மாலரின் 'பூமியின் பாடல்', ஷோன்பெர்கின் 1909ஆம் ஆண்டு இசைக்குழுப் படைப்புகள், அவரே இயற்றி 1912 அக்டோபரில் பெர்லினில் நிகழ்த்தப்பட்ட 'பியரோ லூனேர்', 1913 மே 29 அன்று பாரிசில் பெருங்கலகத்தோடு அரங்கேறிய ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தச் சடங்கு' ஆகியவற்றில் இது காணப்படுகிறது. இருபது ஆண்டுகளுக்குள் விலங்கொலிப் போலி என்னும் நிலையிலிருந்து தனித்த ஒலிவண்ணம் என்னும் நிலைக்கு இது உயர்ந்தது. 'பியரோ லூனேர்' பாடகரையும் பேச்சுக்கும் பாட்டுக்கும் இடைப்பட்ட குரலில் ஒலிக்கச் செய்த படைப்பு. அதன் அருகே பேச்சுறுப்பின் அதிர்வைக் குழலுக்குள் செலுத்தும் உத்தி நிற்பது இயைபுடையது.

இப்பரவலுக்குக் குறியீடு துணைநின்றது. சுரத்தின் தண்டின் குறுக்கே மூன்று சாய்கோடுகள் இட்டு, மேலே 'ஃபிளாட்டர்சுங்கே' என்பதன் சுருக்கத்தை எழுதுவது வழக்கமாயிற்று. இச்சாய்கோடுகள் நாவதிர்வுக்கென உருவானவை அல்ல. வயலின் வகைக் கருவிகளில் வில்லை மிக விரைவாக முன்பின் அசைத்து வாசிப்பதற்கு உரிய பழைய குறி அது. அக்குறியைக் கடன் வாங்கியதன் வழியே ஒரு தவறான புரிதலும் உடன் வந்தது. வில் விரைவைக் கை தருகிறது. ஆகவே நாவின் விரைவையும் நா தர வேண்டும் என்று கற்போர் எண்ணத் தலைப்பட்டனர். காற்று செய்ய வேண்டிய வேலையைத் தசை செய்ய முயன்றபோது நா இறுகியது. இறுகிய நா அதிர்வதில்லை.

மேலும், குறியீடு எந்த உறுப்பு அதிர வேண்டும் என்பதைச் சொல்வதில்லை. இசைப்படி ஓசையைக் கேட்கிறது; வழியை வாசிப்பவரிடமே விட்டுவிடுகிறது. அச்சிட்ட இசைப்படி ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குச் சென்றபோது, கட்டளை சென்றது, கற்பிப்பவர் செல்லவில்லை. கிமிசெங்கோ சைக்கோவ்ஸ்கிக்குக் காட்டியது போல் எதிரமர்ந்து காட்டுவார் இல்லாதவிடத்து, வாசிப்பவருக்கு எஞ்சிய துணை அவரது தாய்மொழியின் ஒலிப்பழக்கமே.

தாய்மொழியும் பிறவித்திறன் என்னும் நம்பிக்கையும்

இத்தாலியம், எசுப்பானியம், உருசியம் ஆகிய மொழிகளில் நாநுனி ஆடொலி அன்றாடப் பேச்சில் உண்டு. பிரெஞ்சிலும் செருமானியத்தின் பெரும்பகுதியிலும் ரகரம் தொண்டையருகே ஒலிக்கிறது. ஆங்கிலத்தின் பெருவழக்கில் இரண்டுமே இல்லை. எனவே ஒரே இசைப்படி, ஓர் இத்தாலியக் குழலிசைஞருக்குப் பேச்சின் நீட்சியாகவும், ஆங்கிலம் பேசும் குழலிசைஞருக்கு முற்றிலும் புதிய உடற்பயிற்சியாகவும் அமைந்தது.

செருமானியத்தில் இவ்வொலிகளின் நிலை குறிப்பாக நோக்கத்தக்கது. நகர்ப்புறப் பேச்சில் தொண்டை ரகரம் பரவிவந்த காலத்தில், தியோடர் ஸீப்ஸ் தலைமையில் வகுக்கப்பட்ட மேடை ஒலிப்பு நெறி நடிகர்கள் நாநுனி ரகரத்தையே ஒலிக்க வேண்டும் என விதித்தது. அந்நூல் வெளிவந்த ஆண்டு 1898; 'டான் கிஹோத்தே' அரங்கேறிய ஆண்டும் அதுவே. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று கொள்ள வேண்டியதில்லை. ஆனால், பேச்சில் இயல்பாக வந்த நாநுனி ஆடொலி விதி வகுத்துக் கற்பிக்க வேண்டிய ஒன்றாக மாறிக்கொண்டிருந்தது என்பதையும், அதே வேளையில் இசைக்குழு அவ்வொலியையே புதிய அழகாகக் கோரியது என்பதையும் இவ்விரு நிகழ்வுகளும் ஒருசேரக் காட்டுகின்றன. நடிகர்கள் அதனைப் பயின்றே பெற்றனர் என்பது, ஆடொலி வளர்ந்தோராலும் கற்கக் கூடியது என்பதற்கு அக்காலச் சான்றாகும்.

இச்சான்று இருந்தும், நாவை அதிரச் செய்வது மரபுவழித் திறன், இல்லாதவருக்கு ஒருபோதும் வராது என்னும் நம்பிக்கை இசை கற்போரிடையே வேரூன்றியது. இதற்கு அறிவியலின் பெயரால் வலுச்சேர்த்தது மற்றொரு செய்தி. நாவின் இரு ஓரங்களையும் மேல்நோக்கி மடித்துக் குழாய் போலாக்கும் திறன் மரபணுவால் அமைவது என்று 1940இல் அமெரிக்க மரபியலாளர் ஆல்ஃபிரட் ஸ்டர்ட்டிவன்ட் எழுதினார். பள்ளிப் பாடங்களிலும் அது எடுத்துக்காட்டாயிற்று. 1952இல் பிலிப் மாட்லாக் ஒத்த இரட்டையர் 33 இணைகளை ஆராய்ந்தபோது, 7 இணைகளில் ஒருவரால் இயன்றது மற்றவரால் இயலவில்லை. முற்றும் மரபணுவால் அமைவதாயின் இவ்வேறுபாடு தோன்றாது. ஸ்டர்ட்டிவன்டே பின்னாளில் தம் முடிவைக் கைவிட்டார். பாடநூல்கள் எளிதில் கைவிடவில்லை.

நாவை மடித்தலும் நாவை அதிரச் செய்தலும் வேறு வேறு செயல்கள். முன்னதில் தசை சுருங்குகிறது; பின்னதில் தசை தளர்ந்து காற்றுக்கு இடம் தருகிறது. முன்னதைப் பற்றிய, அதுவும் மறுக்கப்பட்ட, ஒரு முடிவு பின்னதற்கு ஏற்றப்பட்டது. ஆடொலியைத் தம் மொழியில் கொண்ட குழந்தைகளும் அதனைப் பிறந்தவுடன் ஒலிப்பதில்லை. எசுப்பானியம், இத்தாலியம் பேசும் குழந்தைகள் இறுதியாகக் கைக்கொள்ளும் ஒலிகளுள் அதுவும் ஒன்று. பல ஆண்டுகள் முயன்று பெற்ற பழக்கத்தை, பெற்றதை மறந்துவிட்ட வயதில், பிறவித்திறன் என அழைப்பது பொருந்தாது.

பாடத்திட்டமும் பயிற்று நூல்களும்

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நாவதிர்வு இசைக்குழுவின் ஓரத்திலிருந்து தனிக் குழலின் மையத்துக்கு நகர்ந்தது. 1952இல் பாரிசு இசைக்கல்லூரியின் குழல் தேர்வுக்கென ஒலிவியே மெசியான் இயற்றிய 'கரும்பறவை' என்னும் படைப்பு இவ்வகையில் ஒரு திருப்பம். பறவையின் குரலை நாவதிர்வு உள்ளிட்ட வழிகளால் எழுப்பும் அப்படைப்பு தேர்வுப் பாடமானதும், அதுவரை இயன்றவர் செய்த ஒன்று எல்லோரும் செய்ய வேண்டிய ஒன்றாயிற்று. 1958இல் லூசியானோ பெரியோ, இத்தாலியக் குழலிசைஞர் செவெரினோ கட்செலோனிக்காக இயற்றிய முதலாம் 'செக்வென்சா' நாவதிர்வைப் பிற உத்திகளோடு சமநிலையில் வைத்தது. இங்கு இசைஞரின் பெயர் படைப்போடு பிணைந்தே வழங்குவது, கிமிசெங்கோவின் காலத்தினின்று நேர்ந்த மாற்றத்தைக் காட்டும்.

தேர்வு வந்ததும் விளக்கம் தேவைப்பட்டது. அமெரிக்கக் குழலிசைஞர் ராபர்ட் டிக்கின் 'மற்றொரு குழல்' என்னும் நூல் 1975இல் வெளிவந்தது. வாசிப்பவரே எழுதிய நூல் அது. 1986இல் அவர் வெளியிட்ட மற்றொரு நூல், புதிய உத்திகளைப் பயில்வதால் அடிப்படைத் தொனியே வலுப்பெறும் என்னும் கருத்தைத் தலைப்பிலேயே கொண்டது. நாவதிர்வு, பயிற்சியின் முடிவில் சேர்க்கும் அணிகலன் என்ற நிலை மாறி, பயிற்சிக்கே துணையாகும் கருவி என்ற நிலை ஏற்பட்டது. நா அதிரும்போதும் சுரம் குலையாதிருக்க மூச்சு சீராக வரவேண்டும்; உதடு நிலைத்திருக்க வேண்டும். ஆகவே, மூச்சின் குறையை நாவதிர்வு உடனே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இன்று வழங்கும் பயிற்சி வரிசை மேற்கண்ட ஒலிப்பியல் உண்மையை ஒட்டியது. முதலில் குழலின்றி, தகரத்தையோ டகரத்தையோ அடுத்து ரகரத்தை வைத்து, நா தானாக அதிரும் இடத்தைக் கண்டறிவர். அடுத்து, குரலை நீக்கிக் காற்றால் மட்டும் அதனை நீட்டுவர். பின்னர்க் குழலின் தலைப்பகுதியை மட்டும் பிடித்து ஊதுவர். அதன்பின் அழுத்தம் மிகுதியாகக் கிடைக்கும் நடுத்தாயிச் சுரங்களில் தொடங்கிக் கீழ்நோக்கி இறங்குவர். நாநுனி ஒத்துழைக்காதவர் வாய் கொப்பளிக்கும் அசைவிலிருந்து உள்நாக்கு வழியைப் பெறுவர். இருவழியும் பயின்றவர் சுரத்துக்கும் ஒலியளவுக்கும் ஏற்ப ஒன்றைத் தேர்வர்.

கீழை மரபுகள் தரும் ஒளி

நாவதிர்வை ஐரோப்பியக் கண்டுபிடிப்பாகக் கொள்ளும் பார்வை கீழையாசியக் குழல்களின் முன் நில்லாது. சப்பானிய மூங்கிற்குழலான 'சாக்குஹாச்சி' மரபில் நாவையோ தொண்டையையோ அதிரச் செய்து ஊதும் முறைக்குத் 'தமானே' என்று பெயர். கொக்குகளின் கூடமைப்பைச் சித்திரிக்கும் பழைய படைப்புகளில் பறவைக் குரலுக்கு அது பயன்படுகிறது. சீனத்தின் 'திசு' குழலில், குறிப்பாக வடபகுதி நடையில், 'ஹுவாஷே' என்னும் நாவதிர்வு களிப்பும் விரைவும் மிக்க இசைக்கு அடையாளமாக விளங்குகிறது. நாட்டுப்புறக் கலைஞராகத் தொடங்கிய ஃபெங் சிசுன் அந்நடையைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர்.

இம்மரபுகளில் நாவதிர்வு இசையமைப்பாளர் ஒருவரின் பெயரோடு தோன்றவில்லை. ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு ஒலியாகவே வந்தது. அங்கு அதனை யார் கண்டுபிடித்தார் என்னும் வினா எழுவதில்லை. யாரிடம் கற்றார் என்னும் வினாவே எழுகிறது. மேலை வரலாற்றுக்கும் அவ்வினாவே பொருத்தமானது. பறவை, ஆடு, காற்று என மூன்று நாகரிகங்களும் ஒரே உத்தியை உயிர்களின், இயற்கையின் ஓசைக்கு முதலில் பயன்படுத்தியுள்ளன. அவை ஒன்றிடமிருந்து ஒன்று கடன்பெற்றதை இது காட்டவில்லை. நாவும் காற்றும் எங்கும் ஒன்றே என்பதைக் காட்டுகிறது.

முடிவுரை

மேற்கண்ட செய்திகளால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

முற்கால நாவசை நூல்களில் ரகரமும் 'ஃபிளிட்டர்சுங்கே' என்னும் பெயரும் இடம்பெற்றிருப்பினும், அவை வருடொலியையும் மருங்கொலியையும் சார்ந்தவை. ஆடொலியைச் சார்ந்த நாவதிர்வுக்கு நேர் முன்னோடிகள் அல்ல. இசைப்படிப் பதிவில் 1892ஆம் ஆண்டின் 'நட்கிராக்கர்' 1898இல் அரங்கேறிய 'டான் கிஹோத்தே'க்கு முந்தியது. அப்பதிவுக்கும் முந்தியது குழலிசைஞரின் பயிற்சி. ஆகவே, இவ்வுத்தியின் தோற்றத்தை இசையமைப்பாளரிடம் தொடங்குவது வரலாற்றைப் பாதியிலிருந்து தொடங்குவதாகும்.

வயலின் இசையிலிருந்து கடன் பெற்ற குறியீடு ஓசையை உலகெங்கும் கொண்டுசென்றது, செய்முறையை விட்டுச்சென்றது. அவ்வெற்றிடத்தைத் தாய்மொழிப் பழக்கம் சிலருக்கு நிரப்பியது. பலருக்குப் பிறவித்திறன் என்னும் நம்பிக்கை அடைத்துவிட்டது. 1975க்குப் பின் வாசிப்பவர்களே எழுதிய நூல்களே அவ்விடைவெளியைக் குறைத்தன.

இம்முடிவு இசைக் கல்விக்கும் வரலாற்றெழுதியலுக்கும் ஒருங்கே பொருந்தும். ஒரு மாணவரிடம் 'உன் நாவுக்கு இது வராது' என்று சொல்லும் ஆசிரியரும், ஓர் உத்தியை இசையமைப்பாளரின் பெயரில் மட்டும் பதியும் வரலாற்றாசிரியரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். கற்றல் நிகழ்ந்த காலத்தை இருவரும் கணக்கில் கொள்வதில்லை. இசைப்படியின் ஒவ்வோர் அரிய கட்டளைக்கும் பின்னே அதனை முதலில் செய்து காட்டிய ஒருவர் இருந்தார் என்னும் எண்ணத்தோடு படிக்கும்போது, எழுதப்பட்ட சான்றுகளே வாசித்தவர்களின் வரலாற்றையும் பேசத் தொடங்கும். பிற ஊதுகருவி உத்திகளின் வரலாற்றையும் இந்நோக்கில் ஆராய இடமுண்டு.